நூற்றுக்கு எத்தனை? படுக்கைப் புண் தடுப்பில் செவிலியர் அறிவை அளத்தல்

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரின் கீழ்முதுகில், இடுப்பெலும்பு மேடிட்டிருக்கும் இடத்தில், தோல் சிவந்திருக்கிறது. விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு வெளுக்கவில்லை. அந்த இடத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் ரத்த ஓட்டம் கூடிப் புண் வராமல் தடுக்கலாம். இது சரியா, தவறா?

தவறு. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு என்றால் தோலுக்கடியில் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குச் சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள். தேய்த்தால் சேதம் கூடும். சர்வதேச வழிகாட்டு நெறிகள் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஆனாலும் இதை ஒத்த கேள்வியைச் செவிலியர் முன் வைத்த ஆய்வுகளில், நாடு எதுவானாலும், தடுமாறியவர்கள் கணிசம்.

படுக்கைப் புண் தடுப்பில் செவிலியருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளக்க முப்பது ஆண்டுகளாக வினாத்தாள்கள் புழக்கத்தில் உள்ளன. பெரும்பாலான ஆய்வுகள் ஒரே முடிவைத்தான் சொல்கின்றன: அறிவு போதவில்லை, பயிற்சி தேவை. பயிற்சி கொடுத்துவிட்டு மறுபடி அளந்தால் மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஆய்வு அத்துடன் முடிந்துவிடும். நோயாளியின் முதுகு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து போய்ப் பார்த்தவர்கள் சிலரே. அவர்கள் கண்டது அவ்வளவு நேரானதல்ல. இந்த வினாத்தாள்கள் உண்மையில் எதை அளக்கின்றன, அவற்றின் மொத்த மதிப்பெண்ணுக்கு என்ன பொருள் என்ற கேள்வியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பழி யார் மேல்?

படுக்கைப் புண்ணுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மேதை ழான் மார்த்தேன் ஷார்க்கோ, மூளையோ தண்டுவடமோ பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் புண் வந்தே தீரும் என்று கருதினார். நரம்பின் சேதமே தோலை அழிக்கிறது என்பது அவர் கொள்கை. திடீரென்று தோன்றும் பெரிய புண்ணை அவர் மரணத்தின் முன்னறிவிப்பாகவே பார்த்தார். அவருக்கு முன்பே, 1853இல், பிரௌன் செக்கார் என்ற உடலியங்கியல் அறிஞர் தண்டுவடம் அறுக்கப்பட்ட கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்து, அழுத்தமும் ஈரமும் படாமல் பார்த்துக்கொண்டால் புண் வருவதில்லை என்று காட்டியிருந்தார். ஆனால் ஷார்க்கோவின் குரலே நெடுங்காலம் ஓங்கி ஒலித்தது.

அதே காலத்தில், 1859இல் வெளியான செவிலியம் பற்றிய தம் நூலில், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் நேர் எதிர்த் தரப்பை எடுத்தார். படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் குறை நோயில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். இரண்டு தரப்புக்கும் நடைமுறை விளைவு உண்டு. ஷார்க்கோ சொன்னது சரியென்றால் செவிலியரின் அறிவை அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நைட்டிங்கேல் சொன்னதை விதிவிலக்கில்லாமல் ஏற்றால் ஒவ்வொரு புண்ணும் ட்யூட்டியில் இருந்தவர் மீது ஒரு குற்றப்பத்திரிகை ஆகிவிடும்.

ஷார்க்கோவின் அவநம்பிக்கையை வார்டிலேயே முறியடித்தவர் லுட்விக் குட்மன். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கென்று தொடங்கிய பிரிவில், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைக்கும் வழக்கத்தை அவர் கட்டாயமாக்கினார். சாகப் போகிறவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்து எழுந்து சக்கர நாற்காலியில் அமர்ந்தார்கள். வேலூரிலும் இதற்கு ஓர் இணைவரலாறு உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் நோய் தசையைத் தின்பதல்ல, வலி தெரியாத காலில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதே என்று நிறுவினார். ‘தானாக அழுகுகிறது’ என்ற நம்பிக்கை அங்கும் வெகுகாலம் சிகிச்சைக்குக் குறுக்கே நின்றது.

இன்று துறையின் கருத்து நைட்டிங்கேல் பக்கமே சாய்ந்திருந்தாலும், அவரை முழுதாக ஏற்கவில்லை. படுக்கைப் புண்களில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை, எல்லாமும் அல்ல என்று அமெரிக்காவின் தேசியப் படுக்கைப் புண் ஆலோசனைக் குழு 2010இல் கூட்டிய மாநாடு ஒருமித்து அறிவித்தது. ஆனால் அதற்கு முன்பே பணம் நுழைந்துவிட்டதால் இந்த நுணுக்கத்துக்கு மதிப்புக் குறைவாகவே இருந்தது. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனையில் சேர்ந்தபின் வந்து ஆழமாகிவிட்ட மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்கான கூடுதல் செலவை அமெரிக்க அரசின் மெடிக்கேர் திட்டம் தர மறுத்தது. புண் வந்தால் நிர்வாகத்துக்கு நஷ்டம். நிர்வாகம் திரும்பிப் பார்ப்பது செவிலியர் பக்கம். அவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்விக்குச் சந்தை மதிப்பு கூடியது இப்படித்தான்.

வினாத்தாள் பிறந்த கதை

முதலில் பரவலான வினாத்தாள் 1995இல் அமெரிக்காவில் பார்பரா பைப்பர், மோட் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்டது. 47 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, தெரியாது என்ற மூன்று விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். தடுப்பும் அபாயமும், புண்ணின் நிலைகள், புண்ணை விவரித்தல் என்று மூன்று பகுதிகள். 90 சதவீதம் எடுத்தால்தான் போதுமான அறிவு என்பது வழக்கமாகக் கொள்ளப்பட்ட அளவுகோல். எளிதாக அச்சிடலாம், எளிதாகத் திருத்தலாம் என்பதால் பல நாட்டு ஆய்வாளர்கள் இதைப் பின்பற்றினர். 2014இல் பைப்பரும் சுல்கோவ்ஸ்கியும் இதை 72 கூற்றுகளாக விரித்துப் புதுப்பித்தனர்.

சரி, தவறு வகைக் கேள்வியின் பலவீனம் ஊரறிந்தது. ஒன்றும் தெரியாதவரும் குருட்டாம்போக்கில் பாதியைச் சரியாக்கிவிடலாம். ‘தெரியாது’ என்ற கட்டம் இருந்தாலும், தொழில்முறைப் பெருமை உள்ள எவர் அதில் டிக் போடுவார்? மேலதிகாரி சேகரிக்கும் தாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

2010இல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிமித்ரி பீக்மன், டாம் டெஃப்லூர் குழுவினர் வெளியிட்ட ‘புகாட்’ என்ற வினாத்தாள் இந்தக் குறையைக் கருத்தில் கொண்டு உருவானது. பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 26 கேள்விகள். புண் தோன்றும் விதம், வகைப்படுத்தலும் கவனிப்பும், அபாயக் கணிப்பு, ஊட்டச்சத்து, அழுத்தத்தின் அளவைக் குறைத்தல், அழுத்தம் நீடிக்கும் நேரத்தைக் குறைத்தல் என்று ஆறு தலைப்புகள். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் 608 செவிலியர், மாணவரிடம் சோதித்து, ஒவ்வொரு கேள்வியும் எவ்வளவு கடினம், தெரிந்தவரையும் தெரியாதவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று பார்த்தார்கள். 2017இல் இதன் திருத்திய வடிவம் 25 கேள்விகளுடன் வந்தது.

வடிவமைப்பில் இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் தேர்ச்சிக்கு வைத்த எல்லை 60 சதவீதம். ஒரு வினாத்தாளில் 90, மற்றொன்றில் 60! இரண்டின் கடினமும் வேறு என்பது உண்மைதான். ஆனால் இந்த எல்லைகளில் எதுவும், இத்தனை மதிப்பெண் எடுத்தவரின் வார்டில் புண் குறைகிறது என்று பார்த்து வைத்த எல்லை அல்ல. வல்லுநர்கள் உட்கார்ந்து நியாயம் என்று கருதி நிர்ணயித்தவை. ‘செவிலியரில் இத்தனை சதவீதத்தினருக்குப் போதிய அறிவு இல்லை’ என்று ஓர் ஆய்வு அறிவிக்கும்போது, அந்த எண்ணின் பாதி கனம் இந்த எல்லைக்கோட்டில்தான் இருக்கிறது.

பெல்ஜியத்தில் கண்டது

வினாத்தாளை உருவாக்கிய அதே குழு அடுத்து ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பெல்ஜியத்தின் 14 மருத்துவமனைகளில் செவிலியரின் அறிவையும் மனப்பாங்கையும் அளந்தார்கள். அதே வார்டுகளில் 2,105 நோயாளிகளின் தோலைப் பரிசோதித்து, அவர்களுக்குக் கிடைக்கும் தடுப்பு நடவடிக்கைகளையும் பதிவு செய்தார்கள். தாளில் இருப்பதையும் கட்டிலில் இருப்பதையும் ஒருசேரப் பார்த்த ஆய்வு இது. 2011இல் வெளியானது.

அறிவுத் தேர்வில் 553 செவிலியரின் சராசரி ஏறத்தாழ 50 சதவீதம். மனப்பாங்குக்கு 13 கூற்றுகள் கொண்ட தனி வினாத்தாள்: தடுப்புக்கு நான் எவ்வளவு முன்னுரிமை தருகிறேன், இது என் பொறுப்பா, செய்தால் பலன் உண்டென்று நம்புகிறேனா என்பது போன்றவை. அதில் சராசரி 71 சதவீதம். அபாயத்தில் இருந்த நோயாளிகளில் படுக்கையிலும் நாற்காலியிலும் முழுமையான தடுப்பு கிடைத்தவர்கள் 13.9 சதவீதம் மட்டுமே. ஏழு பேரில் ஒருவர்!

இவ்வளவும் எதிர்பார்க்கக்கூடியதே. அடுத்த முடிவுதான் துறையைத் திரும்பிப் பார்க்கவைத்தது. செவிலியரின் மனப்பாங்கு நல்லதாக இருந்த வார்டுகளில் முறையான தடுப்பு கூடுதலாக இருந்தது. அறிவு மதிப்பெண்ணுக்கும் தடுப்புக்கும் தனித்த தொடர்பு எதுவும் தென்படவில்லை. அறிவுக்கும் மனப்பாங்குக்கும் இடையே இருந்த ஒட்டுறவும் மிக மெலிது: 0.12. 2012இல் பெல்ஜிய முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்விலும் மனப்பாங்கே தடுப்பைக் கணிக்கும் காரணியாக வெளிப்பட்டது. முழுமையான தடுப்பு கிடைத்தவர்கள் அங்கே இன்னும் குறைவு, 6.9 சதவீதம்.

இதை வைத்துக்கொண்டு ‘அறிவால் பயனில்லை, மனசுதான் வேண்டும்’ என்று மேடையில் பேசுபவர்கள் உண்டு. அது அவசர முடிவு. தொடர்பு தென்படவில்லை என்பது வேறு, தொடர்பே இல்லை என்று நிரூபணமாவது வேறு. எல்லோருடைய மதிப்பெண்ணும் நடுவிலேயே குவிந்து கிடக்கும்போது, அதிகம் தெரிந்தவர் வார்டுக்கும் குறைவாகத் தெரிந்தவர் வார்டுக்கும் வித்தியாசம் தெரிவது அரிது. மனப்பாங்கின் தொடர்பும் புள்ளியியல் எல்லையின் விளிம்பில்தான் நின்றது. அத்துடன் எது காரணம், எது விளைவு? போதிய ஆளும் நல்ல மெத்தையும் இருக்கும் வார்டில் வேலை செய்பவருக்கு ‘தடுப்பால் பலன் உண்டு’ என்ற நம்பிக்கை தானாகவே வரும். மனப்பாங்கு என்று அளந்தது ஒருவேளை வார்டின் வசதியாகவே இருக்கலாம்.

இருந்தாலும் இந்த ஆய்வு ஒரு கதவை மூடிவிட்டது. வினாத்தாளில் மதிப்பெண் ஏறினால் புண் குறையும் என்று இனி யாரும் ஆதாரமின்றி அனுமானிக்க முடியாது. மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரன் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இதையே உறுதி செய்தது. பணியாளர்களுக்குக் கல்வி அளிப்பதால் படுக்கைப் புண் குறைகிறதா என்று தேடியதில் ஏற்கத்தக்க ஆய்வுகள் ஐந்துதான் கிடைத்தன. அவற்றின் தரத்தை வைத்துப் புண் குறைந்தது என்றோ, செவிலியரின் அறிவு கூடியது என்றோகூட உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

விடையும் பழசாகும்

எந்த அறிவுத் தேர்வும் ‘சரியான விடை’ ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பைப்பர் வினாத்தாளுக்கு அடிப்படை 1990களின் தொடக்கத்து அமெரிக்க வழிகாட்டு நெறிகள். அதற்குப்பின் நெறிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. 2007இல் புண்ணின் நிலைகளுடன் ஆழ்திசுக் காயம், நிலை கணிக்க இயலாத புண் என்ற இரு வகைகள் சேர்ந்தன. 2016இல் நிலைகளின் வரையறைகளே திருத்தப்பட்டன. பழைய வினாத்தாளை அப்படியே எடுத்து 2020களில் தேர்வு வைத்தால், புதிய பாடம் படித்தவர் குறைந்த மதிப்பெண் வாங்கும் விபரீதமும் நேரலாம்.

இரண்டு மணி நேர விதியைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடைக்காது. குட்மன் காலத்திலிருந்து அது செவிலியப் பாடத்தின் வேதவாக்கு. 1959இல் மைக்கேல் கோசியாக் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள், அழுத்தம் மிகுந்தால் குறைந்த நேரத்திலும், அழுத்தம் குறைந்தால் நீண்ட நேரத்திலும் திசு அழிகிறது என்று காட்டின. இதிலேயே அந்த விதியின் பலவீனமும் ஒளிந்திருக்கிறது. அழுத்தத்தின் அளவு மெத்தையைப் பொறுத்தது என்றால், நேரமும் மெத்தையைப் பொறுத்துத்தானே மாற வேண்டும்? 2013இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரை மூன்றாகப் பிரித்து, 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பினார்கள். எல்லோருக்கும் அடர்த்தியான நுரை மெத்தை. மூன்று வாரத்தில் புண் வந்தவர்கள் மொத்தம் 2 சதவீதம். மூன்று குழுக்களுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

ஆக, ‘எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும்?’ என்ற கேள்விக்கு இன்றைய நேர்மையான விடை ‘எந்த மெத்தையில், எந்த நோயாளியை?’ என்ற எதிர்க்கேள்விதான். அனுபவம் மிக்க செவிலியர் அப்படித்தான் யோசிப்பார். வினாத்தாளில் அந்த யோசனைக்குக் கட்டம் கிடையாது.

சிவப்பு தெரியாத தோல்

தடுப்பின் முதல் படி கண்டுபிடிப்பது. இங்கே அறிவு என்பது கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் 1,452 செவிலியருக்கு 20 புகைப்படங்களைக் காட்டி வகைப்படுத்தச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் உடன்பட்ட அளவைக் குறிக்கும் குறியீடு 0.33 மட்டுமே. 1 என்றால் முழு உடன்பாடு, 0 என்றால் தற்செயல். தங்கள் விடையோடு தாங்களே பின்னொரு நாளில் உடன்பட்ட அளவும் 0.38தான். சிறுநீரும் மலமும் பட்டு ஈரத்தால் வரும் தோல் உரிவையும் அழுத்தத்தால் வரும் புண்ணையும் பிரித்தறிவதில் குழப்பம் மிகுதியாக இருந்தது. இரண்டுக்கும் தடுப்பு முறை வேறு என்பதால் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. ஈரத்துக்குப் பூச வேண்டிய களிம்பை அழுத்தத்துக்குப் பூசிக்கொண்டிருந்தால் எலும்பின் மேலிருக்கும் சதை உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருக்கும்.

கருந்தோலில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. முதல் நிலைப் புண்ணின் அடையாளமே அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. பாடநூல்களில் வரும் படங்கள் பெரும்பாலும் வெளிர்தோலுடையவை. கருந்தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. கொஞ்சம் கூடுதலாகக் கறுத்தோ ஊதா பாய்ந்தோ தெரியலாம், எதுவுமே தெரியாமலும் போகலாம். அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்குப் புண் முற்றிய நிலையில்தான் அதிகம் கண்டறியப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தகைய தோலில் நம்ப வேண்டியது தொடுகையை. புறங்கையால் தொட்டுப் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டால் சூடோ குளிர்ச்சியோ தெரியும். விரலுக்கு அந்த இடம் கெட்டியாகவோ சதசதவென்றோ படும். ‘அங்கே காந்துகிறது’ என்று நோயாளி சொல்வதும் ஒரு தடயம். தமிழ்நாட்டு வார்டுகளில் பெரும்பாலான தோல் இந்த வகைதான். வெளிநாட்டு வினாத்தாளை மொழிமாற்றி இங்கே தேர்வு வைக்கும்போது ‘வெளுக்காத சிவப்பு’ என்று எழுதியவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். அவரால் கருந்தோலில் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதை அந்த மதிப்பெண் சொல்லாது.

நம் வார்டில்

தமிழ்நாட்டில் இத்துறையில் எழுதப்படும் ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. செவிலியத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கப்படுபவற்றில் ஒரு வார்ப்பு திரும்பத் திரும்ப வரும். ‘தேர்ந்தெடுத்த மருத்துவமனையில்’ செவிலியருக்கோ மாணவியருக்கோ உறவினருக்கோ முன்தேர்வு, பிறகு திட்டமிட்ட கற்பித்தல், ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாளில் பின்தேர்வு. 50 சதவீதத்துக்குக் கீழே ‘போதாது’, 75 வரை ‘ஓரளவு போதும்’, அதற்கு மேல் ‘போதும்’. பின்தேர்வில் மதிப்பெண் உயரும், கற்பித்தல் பயனுள்ளது என்று முடிவாகும். ஏழு நாள் முன்பு சொல்லிக்கொடுத்த கேள்வியையே திரும்பக் கேட்டால் மதிப்பெண் உயராமல் என்ன செய்யும்? மாணவியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓராண்டு இரண்டாண்டுக்குள், கைச்செலவில், அனுமதி கிடைக்கும் இடத்தில் முடித்தாக வேண்டிய ஆய்வு அது. ஒரு கட்டிலையும் தொடாமல் முடித்துவிடக்கூடிய வடிவம் இதுதான் என்பதே இதன் ஈர்ப்பு.

இத்தகைய தாள்களில் கேட்கப்படாத விஷயம் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையின் ஜெனரல் வார்டில் நோயாளியை உண்மையில் யார் திருப்புகிறார்கள்? பெரும்பாலும் கூட இருக்கும் அட்டெண்டர்: மனைவி, மகள், மருமகள், ஊரிலிருந்து வந்த அண்ணன். கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பவர். பெல்ஜிய வினாத்தாள் செவிலியரே திருப்பும் வார்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கே செவிலியரின் அறிவு நோயாளியின் முதுகை அடைய இன்னொருவரின் கை வழியாகப் போக வேண்டியிருக்கிறது. ‘சாய்த்துப் படுக்கவைங்கம்மா’ என்று போகிறபோக்கில் சொல்வதற்கும், 30 டிகிரி சாய்வு எப்படி இருக்கும், தலையணையை முதுகுக்கு எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே எதை வைக்க வேண்டும் என்று செய்து காட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது. கற்பிக்கும் திறனை அளக்க இந்த வினாத்தாள்களில் ஒரு கேள்வியும் இல்லை.

நேரக் கணக்கையும் பார்த்துவிடலாம். 12 மணி நேர இரவு ட்யூட்டி. வார்டில் தானாகப் புரள முடியாதவர்கள் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் 48 முறை திருப்ப வேண்டும். தோல் உராயாமல் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஒருமுறைக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு பேருக்குத் தலா நான்கு மணி நேரம், அதாவது இரவில் மூன்றில் ஒரு பங்கு. ஊசி, டிரிப், டிரஸ்ஸிங், புது அட்மிஷன், குறிப்பெழுதுதல் எல்லாம் மீதி நேரத்தில். கற்பித்தல் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய நெறி. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்வது இங்கே புதிதல்ல. இந்தச் சூழலில் அறிவு மதிப்பெண்ணுக்கும் தடுப்புக்கும் தொடர்பு தென்படாவிட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஆள் பற்றாக்குறையை மட்டுமே காட்டித் தப்பிக்கவும் முடியாது. முதுகைத் துடைத்து, ஸ்பிரிட் தடவி, எலும்பு மேடுகளைத் தேய்த்து, பவுடர் போடும் ‘பேக் கேர்’ தலைமுறை தலைமுறையாகச் செவிலியப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கப்பட்டது. ஸ்பிரிட் தோலை வறளவைக்கும், தேய்ப்பது நுண்குழாயை நசுக்கும், பவுடர் வியர்வையோடு சேர்ந்து மடிப்புகளில் கட்டிபிடிக்கும். நடுவில் ஓட்டை உள்ள ரிங் குஷனும் அப்படியே. புண் இருக்கும் இடத்துக்கு அழுத்தம் போகாது என்று நம்பி வாங்கிவைக்கிறார்கள். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள தோலை அழுத்தி நடுவே ரத்தம் வராமல் செய்கிறது. கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் கைவைத்தியத்தையும் சர்வதேச நெறிகள் வேண்டாம் என்கின்றன. இவையெல்லாம் சோம்பலால் வரும் தவறுகள் அல்ல. அக்கறையோடு, நேரம் செலவழித்து, வியர்வை சிந்திச் செய்யப்படும் தவறுகள். மனப்பாங்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு வேண்டியதில்லை.

பிறகு எதை அளப்பது?

வினாத்தாளைத் தூக்கி எறிய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமல்ல. தவறான இடத்தில் இருந்து அதை வாசிக்கிறோம் என்பதே சிக்கல். மொத்த மதிப்பெண் 52 என்பதிலிருந்து ஒரு நர்சிங் சூப்பிரண்டென்ட் செய்யக்கூடியது எதுவுமில்லை, இன்னொரு வகுப்பு வைப்பதைத் தவிர. அதே தாளில், தேய்ப்பது பற்றிய கேள்வியில் பெரும்பாலோர் தவறியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் நாளையே ஸ்பிரிட் பாட்டிலைப் பேக் கேர் தட்டிலிருந்து எடுத்துவிடலாம். குதிகால் பற்றிய கேள்வியில் தவறினார்கள் என்றால் கட்டில்தோறும் கூடுதலாக ஒரு தலையணை கேட்டு இண்டென்ட் போடலாம். ஊட்டச்சத்துக் கேள்வியில் எல்லோரும் சரி என்றால் அதற்கு வகுப்பே வேண்டாம். கேள்விவாரியாக வாசிக்கும்போது வினாத்தாள் வார்டுக்குப் பயன்படுகிறது. கூட்டிச் சராசரி எடுத்தவுடன் அது ஆய்வேட்டுக்கு மட்டுமே பயன்படுகிறது. வெளியாகும் ஆய்வுகளில் பலவும் கேள்விவாரி விவரத்தைப் பின்னிணைப்பில் ஒதுக்கிவிட்டு, கூட்டுத்தொகையை வயது, அனுபவம், பட்டம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவதிலேயே பக்கங்களைச் செலவழிக்கின்றன. ஜி.என்.எம். டிப்ளமோ படித்தவரைவிட பி.எஸ்சி. நர்சிங் படித்தவர் நான்கு மதிப்பெண் கூடுதல் என்று தெரிந்து என்ன செய்ய?

அளவீட்டின் மற்றொரு பாதி கட்டிலருகே நடக்க வேண்டும். பெல்ஜியக் குழுவைப் போல ஒரே நாளில் வார்டு முழுவதையும் சுற்றி, யார் அபாயத்தில் இருக்கிறார்கள், எந்த மெத்தையில் இருக்கிறார்கள், குதிகால் தொங்கலில் இருக்கிறதா, திருப்பிய நேரத்தைக் குறிக்கும் டர்னிங் சார்ட்டில் எழுதியிருக்கும் பக்கமும் நோயாளி படுத்திருக்கும் பக்கமும் ஒன்றா என்று பார்க்க அதிகச் செலவாகாது. கடைசிக் கேள்வி சங்கடமானது. காலை எட்டு மணிக்கு ட்யூட்டி மாறுவதற்கு முன் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், இரவு முழுவதற்குமான கட்டங்கள் நிரப்பப்பட்ட சார்ட்டுகளைப் பார்க்காத செவிலியக் கண்காணிப்பாளர் இருக்க முடியாது. அந்தச் சார்ட்டில் அறிவு குறைவில்லை. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் என்பது பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கும்.

உறவினருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதும் அளக்கப்பட வேண்டியதே. அது செவிலியரின் வேலைக்கான மதிப்பெண்ணாகவும் கொள்ளப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சைச் செவிலியர்கள் வீடுகளுக்கே போகிறார்கள். படுக்கையில் கிடப்பவரின் வீட்டில் அவர்கள் செலவிடும் நேரம் கொஞ்சம். மீதி நாட்களில் பொறுப்பு முழுவதும் வீட்டிலிருப்பவருடையது. தண்டுவடப் பாதிப்புக்கான மறுவாழ்வு மையங்கள் வெகுகாலமாகவே இந்த முறையில்தான் இயங்குகின்றன. நோயாளியே கைக்கண்ணாடி வைத்துத் தன் பின்புறத்தைப் பார்த்துக்கொள்ளப் பழக்குகிறார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி கைகளை ஊன்றி உடலைத் தூக்கி இறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். செய்து காட்டச் சொல்லி, சரியாக வரும் வரை விடுவதில்லை. அங்கே தேர்வுத் தாள் எதுவும் கிடையாது. வீட்டு வருகையிலும் இதைச் செய்யலாம். அடுத்த முறை செவிலியர் போகும்போது மருமகளிடம் ‘திருப்பிக் காட்டுங்க’ என்று கேட்டு, தலையணை எங்கே போகிறது, இழுக்கிறாரா தூக்குகிறாரா, தோலைத் தொட்டுப் பார்க்கிறாரா என்று மூன்று கட்டங்களில் குறித்துவந்தால் போதும். ஒரு மாவட்டத்துக்கு ஓராண்டு இப்படிச் சேர்ந்த குறிப்புகளையும், அந்த வீடுகளில் வந்த புண்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பின்தேர்வு மதிப்பெண்களால் இதுவரை சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லக்கூடிய தரவு கிடைக்கும். அதைச் சேகரிக்கக் கூடுதலாகத் தேவைப்படுவது வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தியும், அதை நிரப்ப ஐந்து நிமிடமும்தான்.